ரப்பரைக் கழற்றிவிட்டோம் அண்ணே

நடக்கும்போதுகூட அண்ணாந்து பார்த்தே நடக்கிற என் அண்ணனுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் விமானம் பறந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், நாயக்கர் புஞ்சைக்கு மேலே, நீ வழக்கமாக நிற்கிற அந்த உடைமரத்துப் பக்கம். ஆனால் ரப்பரில் இல்லை அண்ணே. மோட்டாரில்.

கோபமா? நீ கோபப்பட்டால் பேச மாட்டாய். சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவாய். இப்போது எந்த ஸ்டாப்பில் நின்று அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ எங்களை விட்டுப் போன பங்குனிக்குப் பிறகு அந்த விமானத்தை மதினி யாரையும் தொட விடவில்லை. நடுவீட்டுச் சுவரில், நீ விட்டுப்போனபடியே, மூக்கு மேலே பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. மதினி தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நல்லது பொல்லதுக்குப் போவதும் நின்றுபோயிற்று. ஓசூரிலிருந்து உன் மகள் செல்வி போன் செய்து, "எங்கூட வந்து இரும்மா" என்று கூப்பிடாத நாள் கிடையாது. "பாப்போம்" என்று ஒரே பதில். நான் என் ரிப்பேர் கடையை அடைத்துவிட்டு அப்பப்போ போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். நன்றாகத்தான் பேசுவாள். நான் எழுந்து வாசலுக்கு வந்ததும் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் சீக்கிரமாகக் கேட்கும்.

ஒரு வருஷம் அப்படியே போயிற்று. இந்தச் சித்திரையில் ஒருநாள் மத்தியானம் மதினியிடமிருந்து போன்.

"ஏட்டி தங்கம், ஒழுவுதுட்டி. வந்து பாரேன்."

குழாய்தான் ஒழுகுகிறதோ என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினேன். குழாய் இல்லை. உன் விமானம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதன் வயிற்றுக்குள் இருந்த ரப்பர், நீ தடவிய விளக்கெண்ணெயோடு சேர்ந்து உருகி, வாலடியிலிருந்து கறுப்பாகக் கசிந்து, சுவரில் கோடு போட்டதுபோல இறங்கியிருந்தது. மதினி ஒரு பழைய துணியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்கவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். என் அண்ணன் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் போய் வருகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காலேஜில் படித்தபோது ஒரு முகாமில், குச்சியும் தாளும் வைத்துச் செய்த ஒரு விமானம் ரப்பர் முறுக்கில் பறந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர். காலேஜ் பாதியில் நின்றது. அந்த விமானம் மனதில் நின்றுகொண்டது. தீப்பெட்டி ஆபீஸில் கிடைக்கிற மெல்லிய மரச்சீவல், மூங்கில் சிம்பு, பட்டத்துக்கு ஒட்டுகிற தாள், இவ்வளவுதான் சாமான். இரண்டு முழ அகல இறக்கை. ஒரு கொய்யாக்காய் கனம். முன்னால் விசிறி மட்டும் பெரிசு, அவரே கத்தியால் இழைத்து இழைத்துச் செய்தது. கூட்டுக்குள்ளே மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஓடுகிற ரப்பர் நாடா. அதை முறுக்கிவிட்டால், முறுக்கு அவிழ்கிற வேகத்தில் விசிறி சுற்றும்.

முறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மதினி விமானத்தின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றி நிற்பாள். நீ மூக்கைக் கழற்றி, ரப்பரின் நுனியைக் கைத்துளைக்கருவியின் கொக்கியில் மாட்டி, இழுத்துக்கொண்டே பின்னால் போவாய். அது விண்ணென்று விறைத்து நிற்கும். அப்புறம் அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டே, மெதுவாக, ஓர் அடி ஓர் அடியாக, மதினியை நோக்கி நடந்து வருவாய். நான் ஒன்றிரண்டு தடவை வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது பேசிக்கொள்ளவே மாட்டீர்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை நீ அப்படி அவளை நோக்கி நடந்து வந்திருப்பாய்?

சரி, ஒழுகிய கதைக்கு வருகிறேன். "புது ரப்பர் வாங்கிப் போட்டா சரியாயிரும் மதினி" என்றேன். கூரியரில் வரவழைத்தேன். உருகியதைச் சுரண்டி எடுத்து, கூட்டைத் துடைத்து, புதுசுக்கு விளக்கெண்ணெய் தடவி மாட்டினேன். மொட்டைமாடியில் மதினி உன் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கிரைண்டரைத் தூக்கிப் புரட்டுகிற கை என்னுடையது. பலத்துக்குக் குறைச்சலில்லை. சுற்ற ஆரம்பித்தேன். பாதி தூரம் நடந்திருப்பேன், நிமிர்ந்து மதினியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ சத்தம் கேட்பதுபோல. அந்த நேரத்தில் எங்கேயோ அவசரப்பட்டு இழுத்துவிட்டேன் போல. டப்பென்று அறுந்தது. அறுந்த நுனி உள்ளே திரும்பி அடித்து, வயிற்றுத் தாள் கிழிந்தது.

மதினி கிழிசலைத் தடவிப் பார்த்தாள். திட்டவில்லை. "உன் இழுப்பு வேறட்டி" என்றாள்.

அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே வெயிலில் நின்றேன். அவள் சொன்னது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. நீ என்ன மனநிலையில் இருக்கிறாய் என்பதை அந்த ரப்பரின் மறுமுனையில் நின்று அவள் கையால் தெரிந்துகொண்டிருக்கிறாள். சேக்காளியோடு சண்டையா, பஸ்ஸில் ஏதும் வருத்தமா, இல்லை பாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு நாளா, எல்லாம் அந்த இழுப்பில் வந்திருக்கிறது. அந்த முனையில் நான் போய் நின்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அதன் பிறகு மதினி விமானத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

வைகாசி பிறந்து ஒருநாள், நல்ல உச்சி வெயில். நான் கடையில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. யாரென்று பார்த்தால் மதினி! தனியாக, நடந்தே வந்திருக்கிறாள். கையில் பழைய சேலையில் சுற்றிய நீளப் பொட்டலம். உள்ளே உன் விமானம். கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். விமானத்துக்காக இல்லை அண்ணே. அவள் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்ததற்காக.

தண்ணீர் குடித்தாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இத்தன மோட்டார் கெடக்கே ஒன் கடையில. இதுக்கு ஒண்ணு வைக்க முடியாதாட்டி?"

"மதினி, அண்ணனுக்குப் புடிக்காதே."

"அவியளுக்குப் புடிக்காதது எத்தனையோ செஞ்சிருக்கேன். பேசாமத்தான் இருந்தாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பக்கம் ஆள் நின்னு இழுக்க வேண்டாம். யாரும் சுத்த வேண்டாம். அது பாட்டுக்குப் பறக்கணும். அவ்வளவுதாம்ட்டி எனக்கு வேணும்."

உனக்கும் எனக்கும் இதே கடையில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஒரு சின்ன மோட்டாரை உன் உள்ளங்கையில் வைத்து, "இத மாட்டுண்ணே, முறுக்குற வேலயே இல்ல" என்று நான் சொன்னேன். நீ அதை உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். "பேட்டரி தீந்து போவும். ரப்பர் களைச்சுப் போவும். ரெண்டும் ஒண்ணாட்டி?" என்றாய். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "களைச்சது மெதுவா எறங்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய்.

ஆனால் மதினி கேட்கிறாள். நான் என்ன செய்ய?

எனக்குத் தெரிந்தது மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார். இது வேறு உலகமாக இருந்தது. பக்கத்து மொபைல் கடை காஜாவிடம், யாரோ உடைந்துபோனது என்று போட்டுவிட்டுப் போன பொம்மை ட்ரோன் ஒன்று கிடந்தது. அதிலிருந்து எடுத்த மோட்டார் என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு. பேட்டரி ஒரு பிஸ்கட்டில் பாதி. கையில் வைத்தால் வைத்த மாதிரியே இல்லை.

காஜாவுக்கு ஒரே உற்சாகம். "அக்கா, ரிமோட்டும் இதுலயே இருக்கு. அதையும் வச்சிருவோம். எங்க போனாலும் நம்ம கைக்குள்ள இருக்கும்லா?"

எனக்கும் ஆசைதான். பொய் சொல்லவில்லை. நீ செய்ததில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். காற்று வாக்கில் எங்காவது போய்விட்டால்? மதினியிடம் போய்க் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழம ஆனா இவிய வானத்தப் பாத்துக்கிட்டு எங்கன போவாவ, எப்ப வருவாவன்னு தெரியாது. என்னைக்காச்சும் புடிச்சு நிறுத்தியிருக்கேனா? இத மட்டும் புடிச்சு வைக்கணுமாக்கும்."

ரிமோட் வேண்டாம் என்று முடிவாயிற்று. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடுகிற மாதிரி ஒரு சின்ன சர்க்யூட்டை மட்டும் காஜா செய்து கொடுத்தான்.

அடுத்தது விசிறி. அந்தக் குட்டி மோட்டாருக்குப் பொருத்தம் அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் விசிறிதான். உன் பெரிய மரவிசிறியை அது நேராகச் சுற்றினால் சூடாகிச் செத்துப்போகும். மதினியிடம் எடுத்துச் சொன்னேன். "விசிறிய மாத்தாத" என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ட்ரோனுக்குள்ளேயே வழி இருந்தது. அதன் சின்னப் பல்சக்கரம் வேகமாகச் சுற்றி, பெரிய பல்சக்கரத்தை நிதானமாகத் திருப்பியது. அந்தப் பெரிய சக்கரத்தின் அச்சில் உன் விசிறியை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அது நீ முறுக்கி விட்டபோது சுற்றிய அதே சோம்பலான வேகத்தில் சுற்றியது. மேசைமேல் கிடந்த தூசியெல்லாம் மெல்ல நகர்ந்தது. காஜா அதை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டான்.

இதைப் பொருத்த உன் விமானத்தின் மூக்கை அறுக்க வேண்டும். பிளேடை எடுத்தேன், வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். மோட்டார் அறுத்துக் கட்டுகிற எனக்கு ஒரு துண்டு மரச்சீவலை அறுக்கக் கை வரவில்லை.

"கொடுட்டி இங்க" என்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி வாங்கிக்கொண்டாள். விமானத்தை மடியில் சாய்த்து, நீ ஒட்டிய ஒட்டு எங்கே முடிகிறது என்று நகத்தால் தடவிப் பார்த்து, ஒரே இழுப்பில் அறுத்தாள். தூளை ஊதினாள். அறுத்த துண்டை எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ரப்பர் இருந்த இடம் காலியாகிவிட்டது. மூக்கிலிருந்து இறக்கையடி வரைக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் மட்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தாள் வழியாக மறுபக்கம் தெரிந்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உனக்கு எப்படி இருந்திருக்கும்?

எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற ரோட்டில் இருக்கிற நாயக்கர் புஞ்சைக்குப் போய் அவரிடம் அனுமதி கேட்டேன். உன்னை அவர் மறக்கவில்லை. "கண்டக்டர் தங்கச்சியாம்மா நீ?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோடை மழை ஒன்று பெய்து, கரிசல் உழவுக்குப் பதமாக நின்ற நேரம் அது. "இப்ப உழுதா கட்டி கட்டியா கெடக்கும். ஒங்க பிளேனு விழுந்தா ஒடஞ்சிரும். நீங்க பறக்க விட்டுட்டுச் சொல்லுங்க, அப்புறமா உழுதுக்கிடுதேன்" என்றார். பதம் போய்விடுமே என்றேன். "போனா இன்னொரு மழ வராமலா போயிரும்" என்றார். அண்ணே, வானத்தை நம்பி விதைக்கிற மனுஷர் அப்படிச் சொன்னார்.

முதல் தடவை மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. பேட்டரி முன்னால் இருந்ததுதான் காரணம். நீ செய்வதுபோல இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்து, அது சமமாக நிற்கிற வரைக்கும் பேட்டரியைப் பின்னால் தள்ளினேன். அடுத்த தடவை நேர்மாறாக, செங்குத்தாக நிமிர்ந்து, மல்லாந்து விழுந்தது. ஏனென்று விளங்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ரப்பர் முதலில் வேகமாக இழுக்கும், போகப் போகத் தளரும். நீ இறக்கையையும் வாலையும் அந்தத் தளர்ச்சிக்கு ஏற்ப வளைத்து வைத்திருந்தாய். மோட்டாருக்குத் தளர்ச்சி தெரியாது. முதலில் எப்படியோ கடைசி வரை அப்படியே. மோட்டாருக்குப் பின்னால் ஒரு தீக்குச்சியைச் சீவிச் செருகி, மூக்கைக் கொஞ்சம் கீழேயும் கொஞ்சம் வலப்பக்கமும் திருப்பினேன். அதன் பிறகு என் கையிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் பதறாமல் போய், நின்ற பயிரில் காக்கை உட்காருகிற மாதிரி இறங்கியது.

இத்தனை நாளும் மதினி கூடவே வந்தாள். ஆனால் உடைமரத்து நிழலைத் தாண்டவில்லை. அவள் எங்கே நின்றால் என்ன, வெளியே வந்து நிற்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

எல்லாம் சரியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். "வாங்க மதினி, நீங்க விடுங்க."

வந்தாள். வயிற்றைப் பிடித்தாள். உன்னோடு நின்றபோது எப்படிப் பிடிப்பாளோ அதே பிடி, அதே போல் காலை ஊன்றிக்கொண்டு. நான் அடியில் கையை விட்டு சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"இழுக்குதுட்டி" என்றாள் மெதுவாக.

"விடுங்க மதினி."

விடவில்லை. விசிறிக் காற்றில் அவள் நெற்றி முடி பறந்தது. விமானம் அவள் கையில் இருந்து முன்னால் போகப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் கண்கள் மூக்குக்கு முன்னால், நீ நின்று இழுக்கிற தூரத்தில், ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் இருந்தன. நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? சர்க்யூட்டின் நேரம் முடிந்து, விசிறி தயங்கி, கையிலேயே நின்றது. அதற்குப் பிறகும் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் முதுகோடு பேசினாள்.

"அதே பக்கமாத்தாம்ட்டி இழுக்குது. அவிய இழுத்த அதே பக்கம். ஆனா அங்கன ஆள் இல்ல."

காற்றில் எனக்குப் பாதிதான் கேட்டது. பாதியே போதுமாக இருந்தது. வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குக் குழப்பம். யாரும் மறுமுனையில் வேண்டாம் என்று கேட்டவளுக்கு, யாருமில்லாத முனையை நானே செய்து கொடுத்துவிட்டேனோ? விமானத்தைக் கடையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சனிக்கிழமை சாயந்திரம் மதினியே போன் செய்தாள். "பேட்டரிக்குச் சார்ஜ் போட்டியாட்டி?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக் காலையை உனக்கு எப்படிச் சொல்வேன்? இலை அசையவில்லை. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் எல்லாம் கையை விரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தன. கரிசல் ராத்திரி ஈரத்தில் கறுத்து, அடிவானம் வரைக்கும் கிடந்தது. மேற்கே கழுகுமலைக் குன்று தரையைத் தொடாமல் நிற்பதுபோல இருந்தது. ஒரு பெட்டைமயில் வரப்பில் நடந்து போயிற்று. அது நடந்த சத்தம்கூடக் கேட்டது. நான் விழித்திருக்கிறேனா, இல்லை இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மதினி செருப்பைக் கழற்றி வைத்தாள். விமானத்தை வாங்கினாள். "போடு" என்றாள்.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் முதலில் பிரிந்தது. அப்புறம் அடுத்தது. நீ எறிவாயே, அப்படி அவள் எறியவில்லை. கையைத் திறந்தாள், அவ்வளவுதான். திறந்த கையோடு கூடவே நாலு எட்டு நடந்தாள், பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்து வாசலில் விடுகிற மாதிரி. விமானம் ஒரு முறை தாழ்ந்தது. எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் தன் காற்றைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு மேலே ஏறியது.

வட்டம் போட்டது அண்ணே. உடைமரத்துக்கு மேலே ஒன்று, இன்னும் உயரத்தில் ஒன்று. எப்போதும்வென்றான் பக்கமிருந்து சூரியன் வந்து, தாள் இறக்கை பட்டென்று பற்றிக்கொண்டது போல மின்னியது. சின்ன வண்டுச் சத்தம் ஒன்று மட்டும். பிறகு அதுவும் நின்றது. மோட்டாரின் நேரம் முடிந்துவிட்டது. இனி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. தரையிலிருந்து எழும்பிய வெதுவெதுப்பில் படுத்துக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி, அங்கேயே மிதந்தது. நீ சொன்னது தப்பு அண்ணே. தீர்ந்துபோனதும் மெதுவாகத்தான் இறங்குகிறது.

நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்தபடியே அதற்கு அடியில் நடந்தோம். வெடிப்பில் கால் மாட்டி நான் தடுமாறினேன். மதினி என்னைக் கவனிக்கவே இல்லை. விமானம் மெல்ல ஓடைப்பக்கம், சீமைக்கருவேல் புதரை நோக்கிச் சாய்ந்தது. அவ்வளவுதான், மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். ஓடிக்கொண்டே, ஆட்டுக்குட்டியை விரட்டுகிற மாதிரி, வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏலே! ஏலே! அங்கன போவாதல! முள்ளு கெடக்குல!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அழுகையும் வந்தது. கரிசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? மேலே இருந்தாயா, இல்லை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயா? எங்கே இருந்தாலும் அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். ஊருக்கே கேட்டிருக்கும்.

புதருக்கு இந்தப் பக்கமே, போன வருஷத்துப் பருத்திக்கட்டைக்கு நடுவில், அது இறங்கியது. மதினி போய்ச் சேர்ந்தாள். உடனே எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய கரிசலில் அவளும் அதுவும் இரண்டு சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாயக்கர், "தேவுடா! என்னம்மா போவுது!" என்றார். மதினி திரும்பி வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப, உழுதுரலாமா?"

மதினி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்தப் பாதிய உழுங்க அண்ணாச்சி. இந்தப் பாதி கெடக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவோம்லா."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. நேற்று மதினியைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், "காலையிலயே தூக்குச்சட்டியோட தீப்பெட்டி ஆபீசுக்குப் போயாச்சே" என்றார்கள். பூட்டைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. தெரு முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஆடிக்காற்று வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதுவரைக்கும் விடிந்தும் விடியாமல் நாங்கள் போவோம். தாள் கிழியும். ஒட்டுவோம். இறக்கை ஒடியும். வேறு மரச்சீவல் வைப்போம். கடைசியில் நீ செய்தது எது, நாங்கள் வைத்தது எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். என்றைக்காவது ஒருநாள் கரிசல் சூடு அதைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு எட்டாமல் கொண்டுபோகும். அது உன் கைவேலையாயிற்றே, பத்திரமாக எடுத்து வைப்போம் என்று அதற்கு முன்னால் எனக்குப் பல தடவை தோன்றும். வைக்க மாட்டேன் அண்ணே. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. கடைசிவரைக்கும் அதைப் பறக்க விடுவேன்.

உன்கூடப் பிறந்தவள்,
தங்கம்